காட்டுக்குக் காவல் யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒருவர் குறுவைத் தண்ணீர் பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, மேட்டூரைத் திறக்கச் சொல்லி வருஷா வருஷம் மனு கொடுக்கிறோமே, மேட்டூருக்குத் தண்ணீர் அனுப்புகிற காட்டிலும் அமேசான் மாதிரிக் காடுகளிலும் யார் குடியிருந்து காவல் காக்கிறார்கள் என்றாவது நமக்குத் தெரியுமா என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதி திட்டு, மீதி சந்தேகம். சரி, இந்த இதழ் முழுக்கக் காடுதான் என்று முடிவு செய்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன்.

நமக்கு ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பார்களா என்பதே பெரிய கவலை. இதில் அமேசான் காடு, அங்கே இருக்கிற பழங்குடிகள் என்று எதற்குப் பேச வேண்டும்?
*குத்தகை விவசாயி, வலங்கைமான்*

அமேசானைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள், நம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். காவிரி என்பது தலைக்காவிரியில் கோயில் குளத்தில் ஊறுகிற தண்ணீர் மட்டும் இல்லை. குடகிலிருந்து ஹாரங்கி வருகிறது, அதற்கு வடக்கே இருந்து ஹேமாவதி வருகிறது, கேரளத்து வயநாட்டிலிருந்து கபினி வருகிறது. மேட்டூருக்குக் கீழே நீலகிரித் தண்ணீரைச் சுமந்துகொண்டு பவானியும் ஆனைமலைப் பக்கத்துத் தண்ணீரோடு அமராவதியும் சேர்கின்றன. எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனி ஆடியில் அங்கே கொட்டுகிற மழையைக் காட்டு மண் இலையும் மட்கும் வேருமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, புரட்டாசி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. காடு போனால் அந்தத் தண்ணீர் பத்து நாளில் செந்நிறமாக ஓடி வந்துவிடும், அணை நிரம்பிக் கொள்ளிடத்தில் திறந்து கடலுக்கு விடுவார்கள், அடுத்த மாதமே முறை வைத்துத்தான் தண்ணீர் என்று அறிவிப்பும் வரும். இந்தக் கூத்தை நீங்கள் பார்க்காததா?

இன்னொன்றும் உண்டு. மரம் தண்ணீரைக் குடிப்பதோடு நிற்பதில்லை, ஆவியாக வெளியே விடவும் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இப்படி விடுகிற ஈரத்துக்குத் தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழையில் கணிசமான பங்கு இருக்கிறது என்றும், மழை பொய்க்கிற ஆண்டுகளில் அந்தப் பங்கு இன்னும் முக்கியமாகிறது என்றும் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். ஆகவே உங்கள் வயலுக்கு அந்தக் காடு ஆறு வழியாக ஒரு தடவை, வானம் வழியாக ஒரு தடவை என்று இரண்டு தடவை தண்ணீர் அனுப்புகிறது.

இனி, அங்கே யார் இருக்கிறார்கள்? குடகில் ஏரவர், ஜேனு குறுபர். வயநாட்டில் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர். நீலகிரியில் இருளர், குறும்பர், தோடர், கோத்தர். குடகில் மட்டும் தேவரகாடு என்று சொல்கிற சாமிக்காடுகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஊருக்கு ஊர் ஒன்று, அதில் கோடாலி வைக்கக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. நம் வாய்க்காலில் மதகு உடைந்தால் பொதுப்பணித் துறைக்கு முன்னால் யாருக்குத் தெரியும்? தினம் அந்தக் கரையில் நடக்கிறவருக்குத் தெரியும். காட்டிலும் கதை அதேதான். அமேசானிலும் அதேதான். அதனால்தான் பேசுகிறோம்.

'உலகின் பல்லுயிர்களில் 80 சதவீதத்தைப் பழங்குடி மக்கள்தான் காப்பாற்றுகிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் கல்லூரிப் பேச்சுப்போட்டியில் சொன்னேன், முதல் பரிசு. உண்மைதானே?
*மாணவி, மன்னார்குடி*

பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்மா. ஆனால் அந்த எண்ணை இனிமேல் சொல்லாதே. அது பல ஆண்டுகளாகப் பெரிய பெரிய அறிக்கைகளிலேயே ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டு வந்த எண். இதற்கு அடிப்படையே இல்லை என்று 2024 செப்டம்பரில் நேச்சர் இதழில் ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து எழுதினார்கள், அதில் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனி. எங்களைப் புகழ்வதற்குப் பொய்க் கணக்கு வேண்டாம், அது ஒருநாள் எங்களுக்கே எதிராகத் திரும்பும் என்பது அவர்கள் கவலை.

அடுத்த போட்டிக்கு வேறு எண் தருகிறேன். உலக நிலப்பரப்பில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு பழங்குடி மக்களின் உரிமையிலோ பராமரிப்பிலோ இருக்கிறது என்று 2018இல் கணக்கிட்டார்கள், 87 நாடுகளைச் சேர்த்து. பிரேசிலில் செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தைக் கணக்கெடுக்கும் மேப்பயோமாஸ் குழுவின் கணக்கு இன்னும் நேரடியானது: 1990 முதல் 2020 வரை முப்பது ஆண்டுகளில் பழங்குடி நிலங்களில் இயற்கைத் தாவரப் பரப்பு குறைந்தது சுமார் 1 சதவீதம், தனியார் நிலங்களில் குறைந்தது 20 சதவீதத்துக்கு மேல். இதை மேடையில் சொல். எவரும் மறுத்துப் பேச முடியாது.

அமேசான் உலகத்தின் நுரையீரலாமே?
*சீர்காழி வாசகர்*

இல்லை. அது உண்டாக்குகிற ஆக்சிஜனில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அதுவே செலவழித்துவிடுகிறது. வேண்டுமானால் உலகத்தின் ஏற்றம் என்று சொல்லுங்கள். தண்ணீரை இறைத்து இறைத்து வானத்துக்கு ஊற்றுகிறது.

பழங்குடியினர் காட்டைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், அதனால் காடு பிழைக்கிறது. நம் முன்னோர்களும் கோயிலுக்கு ஒரு தலமரம் வைத்தது இதற்காகத்தானே? இந்த பக்தியை நாம் இழந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறேன் நான்.
*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு*

ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். திருவிடைமருதூர் என்று ஊர்ப் பெயரிலேயே மருத மரத்தை வைத்துக்கொண்டவர்கள் நாம். ஆனால் கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரத்தை நினைத்துப் பாருங்கள். தில்லை என்றாலே அந்த ஊர்தான், தில்லை வனம் என்று பாடாத ஆள் இல்லை, பக்திக்கு அங்கே ஒருநாளும் குறைவு வந்ததில்லை. இருந்தும் தில்லை மரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஊரை விட்டுப் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. சாமி அங்கேயே இருக்கிறார், வனத்தைக் காணோம்.

கும்பிடுவதோடு கூட, இது என் பாத்தியதை, இங்கே என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிற உரிமை எனக்கு இருக்கிறது என்பதும் வேண்டும். ஒடிசாவில் நியமகிரி மலை இருக்கிறது. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்த மலையே நியமராஜா, அவர்களுடைய அரசனும் தெய்வமும். மலை உச்சியில் பாக்சைட் இருக்கிறது, வெட்டி எடுக்க ஒரு பெரிய நிறுவனம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட மலைதான், ஆனால் கும்பிடுகிறோம் என்று சொன்னதனால் மட்டும் வெட்ட வந்தவர்கள் நின்றுவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கையில் இருந்தது. அதை வைத்து உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில், இந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதைக் கிராம சபைதான் தீர்மானிக்க வேண்டும் என்று சொன்னது. பன்னிரண்டு ஊர்களில் சபை கூடியது, பன்னிரண்டும் வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டு மத்திய அரசு சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. பக்தி ஆயிரம் ஆண்டு இருந்திருக்கலாம், மலை நின்றது அந்தப் பன்னிரண்டு தீர்மானத்தால்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்தே என் பழைய தமிழ் வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் அப்பா பண்ணையாளாக இருந்தவர். பழங்குடி இல்லாத, எங்களைப் போன்ற ஏழைகள் எங்காவது காட்டைக் காப்பாற்றியது உண்டா? அல்லது நாங்கள் எப்போதும் காட்டை அழிக்கிற பட்டியலில்தானா?
*கீழ்வேளூர் வாசகர்*

வந்த கடிதங்களில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பிரேசிலின் மேற்குக் கோடியில் ஆக்ரே என்று ஒரு மாநிலம். அங்கே ரப்பர் மரம் தோட்டத்தில் வரிசையாக நிற்பதில்லை, காட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தானாக வளர்ந்து நிற்கிறது. விடிவதற்கு முன்னால் கத்தியும் தகரக் குவளையுமாகக் கிளம்பி, ஒற்றையடிப் பாதையில் மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற கூலிகள் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் பழங்குடிகள் இல்லை, வறட்சி தாங்காமல் நாட்டின் வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். ரப்பர் முதலாளி கடையில்தான் அரிசி, உப்பு, துணி எல்லாம் வாங்க வேண்டும். முதலாளி எழுதியதுதான் கணக்கு, கடன் தீரவே தீராது. உங்கள் அப்பாவுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

எழுபதுகளில் அந்தக் காட்டை மாட்டுப் பண்ணைக்காரர்கள் வாங்கி வெட்டத் தொடங்கினார்கள். மரம் போனால் பால் எடுக்கிறவனுக்கு வேலை போச்சு. அப்போதுதான் எம்பாச்சி என்று ஒரு போராட்ட முறை வந்தது: மரம் வெட்டுகிற இடத்துக்கு ஊரே திரண்டு போய், பெண்களும் பிள்ளைகளும் முன்னால் நிற்க, ரம்பத்தை நிறுத்தச் சொல்வது. வெட்டுகிறவனும் ஒரு கூலிதானே என்று அவனோடும் பேசுவது. இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சிக்கோ மென்டஸ், சின்ன வயதிலிருந்தே ரப்பர் பால் எடுத்தவர், தொழிற்சங்கக்காரர். அவர் சொன்ன யோசனை எளிமையானது: நிலம் அரசுடையதாகவே இருக்கட்டும், வெட்டாமல் காட்டிலிருந்து எடுத்துப் பிழைக்கிற உரிமை எங்களுக்கு இருக்கட்டும். 1988 டிசம்பர் 22 அன்று, ஷாபுரி என்ற ஊரில், சொந்த வீட்டின் பின்வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பண்ணைக்காரரும் அவர் மகனும் தண்டனை பெற்றார்கள். 1990இல் அவர் பெயரிலேயே ஒன்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல் இப்படிப்பட்ட காப்புக்காடு அறிவிக்கப்பட்டது.

தேதியைக் கவனித்தீர்களா? நம் கீழ்வெண்மணிக்குச் சரியாக இருபது ஆண்டு கழித்து, அதே டிசம்பர் மாதத்தில். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான், எழுதும்போது எனக்குத் தோன்றியது, விட மனசில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்தக் காப்புக்காட்டுக்குள்ளேயே இப்போது மாடு வளர்க்க மரம் வெட்டுவது நடக்கிறது. ரப்பர் பாலுக்கு விலை இல்லை, மாட்டுக்கு விலை இருக்கிறது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதா என்ன? உரிமை கிடைப்பது ஒன்று, அந்த உரிமையை வைத்துக்கொண்டு மூன்று வேளை சாப்பிட முடிவது இன்னொன்று.

எங்கள் பக்கம் எண்ணெய்க் குழாய், மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று பட்டது போதும். அமேசானிலும் எண்ணெய் எடுக்கிறார்களா? அங்கே ஜெயித்திருக்கிறார்களா?
*கதிராமங்கலம் பக்கத்து வாசகி*

எடுக்கிறார்கள், பல பத்தாண்டுகளாக. ஜெயித்தும் இருக்கிறார்கள். எக்வடோர் நாட்டில் வாவ்ரானி என்று ஒரு பழங்குடி. அவர்கள் காட்டை வரைபடத்தில் கோடு போட்டு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ஏலம் விட அரசு ஏற்பாடு செய்தது. உங்களிடம் கலந்து பேசித்தானே செய்தோம் என்றும் சொன்னது. அவர்கள் நெமோன்டே நென்கிமோ என்ற பெண்ணின் தலைமையில் வழக்குப் போட்டார்கள். எப்படி? கிழவர்களையும் கிழவிகளையும் கூட்டிக்கொண்டு காட்டைச் சுற்றி நடந்து, இங்கே மருந்துச் செடி, இங்கே பன்றி தண்ணீர் குடிக்கிற இடம், இங்கே தாத்தாவைப் புதைத்தது என்று தங்கள் வரைபடத்தைத் தாங்களே போட்டார்கள். அரசின் வரைபடத்தில் ஆறும் எண்ணெயும் மட்டும்தான் இருந்தன. 2019 ஏப்ரலில் நீதிமன்றம், நடந்தது கலந்தாலோசனையே அல்ல என்று தீர்ப்பளித்தது. தப்பிய காடு சுமார் 5 லட்சம் ஏக்கர். ஒரு வேலி ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு என்று நம் கணக்கில் போட்டால் முக்கால் லட்சம் வேலி.

2023 ஆகஸ்டில் அதே நாட்டில் யசூனி காட்டில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 59 சதவீதம் பேர் நிறுத்து என்றார்கள். கிணறுகளை மூடுகிற வேலையை அரசு இழுத்துக்கொண்டே போகிறது. நம் ஊரில் 2017இல் நெடுவாசலில் உட்கார்ந்தவர்களும் உங்கள் ஊர்க்காரர்களும் இல்லாமல் 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டிருப்பார்களா? போட்டிருக்க மாட்டார்கள். அதோடு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது, அதுவும் உங்களுக்குத் தெரியும்.

ஓவராகப் புகழ்கிறீர்கள். பழங்குடித் தலைவர்களே மரத்தை விற்ற கதை எனக்குத் தெரியும். நான் மரவாடி வைத்திருப்பவன், வியாபாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தவன்.
*கும்பகோணம்*

உண்மைதான். பிரேசிலில் கயாப்போ மக்களை உலகமே கொண்டாடியது. 1989இல் அல்தமிராவில் நடந்த கூட்டத்தில், அணை கட்ட வந்த மின்வாரியப் பொறியாளர் கன்னத்தில் துயிரா என்ற கயாப்போப் பெண் வெட்டுக்கத்தியின் தட்டைப் பக்கத்தை வைத்து அழுத்திய படம் உலகம் முழுக்கப் போனது. அதே காலத்தில் அதே கயாப்போத் தலைவர்கள் சிலர் மகோகனி மரத்துக்கும் தங்கத்துக்கும் வெளியாட்களோடு ஒப்பந்தம் போட்டுக் காசும் வாங்கினார்கள். இரண்டும் நடந்தது. அவர்களும் மனிதர்கள்தானே அண்ணே, மருத்துவத்துக்கும் படகுக்கும் டீசலுக்கும் காசு எங்கிருந்து வரும்?

நான் சொல்ல வருவது, இவர்கள் நம்மை விட நல்லவர்கள் என்பது இல்லை. உரிமை உறுதியாக இருக்கிற இடத்தில் ஒரு தலைமுறை தப்பு செய்தாலும் அடுத்தது திருத்திக்கொள்ள காடு மிச்சம் இருக்கிறது. கயாப்போ நிலத்தை இன்றைக்கு வானத்திலிருந்து பார்த்தால், சுற்றிலும் வெளுத்த மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஒரு பெரிய பச்சைத் திட்டு. உள்ளே தங்கம் தோண்டிய சிவப்புப் புண்களும் தெரியும். அதே பிரேசிலில் யானோமாமி என்ற இன்னொரு பழங்குடியின் நிலமும் பெரியது, 1992இல் எல்லை குறித்துக் கொடுத்தார்கள், 96 லட்சம் ஹெக்டேர், தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு. அதற்குள் ஆயிரக்கணக்கான தங்க வேட்டைக்காரர்கள் புகுந்து, ஆற்றில் பாதரசம் கலந்து, பிள்ளைகள் பட்டினியில் எலும்பும் தோலுமான பிறகு 2023 ஜனவரியில் அரசு அவசரநிலை அறிவித்தது. காகிதத்தில் நிலம் இருந்தால் போதாது, புகுந்தவனை வெளியேற்றவும் அரசு வர வேண்டும். ஆற்றுமணல் விஷயத்தில் இதை நம்மை விட நன்றாக யாருக்குத் தெரியும்?

கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்த குடும்பம் எங்களுடையது. ரேஷனில் பாமாயில் போடுகிறார்கள். அதற்காகக் காடு அழிகிறது என்கிறார்களே, பாமாயில் வாங்குவது பாவமா?
*இல்லத்தரசி, பட்டுக்கோட்டை*

பாவம் எல்லாம் இல்லைம்மா. லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற எண்ணெயை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சமைப்பவரை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது நம் நாடு, பெரும்பகுதி இந்தோனேசியாவும் மலேசியாவும் அனுப்புகின்றன. அங்கே போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் பகுதியில், பெனான் என்று ஒரு மக்கள். காட்டுப் பனையின் தண்டுக்குள் இருக்கிற சோற்றிலிருந்து மாவெடுத்துச் சாப்பிடுகிறவர்கள். நாம் ஜவ்வரிசி என்று சொல்கிறோமே, அதன் அசலும் இப்படி ஒரு பனையிலிருந்து எடுக்கிற மாவுதான். நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கில் செய்த மாற்று. 1987இல் மரக்கம்பெனி லாரிகளை மறித்துப் பாதையில் கம்பு கட்டி, குழந்தை குட்டியோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். மரம் போன இடங்களில் பின்னால் எண்ணெய்ப் பனை வந்தது. இந்தோனேசியாவில் 2013இல் அரசமைப்பு நீதிமன்றம், மரபுவழிச் சமூகங்களின் காடு அரசுக் காடு ஆகாது என்று சொல்லியிருக்கிறது. தீர்ப்பு தீர்ப்பாக இருக்கிறது, நிலம் கைக்கு வருவது ஆமை வேகம்.

ரேஷனில் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லி உங்கள் பக்கத்து விவசாயிகள் கேட்கிறார்களே, அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் போர்னியோ காடும் இருக்கிறது என்று அடுத்த மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்டை எரித்து விவசாயம் செய்வதும் இவர்கள்தானே?
*பள்ளி ஆசிரியர், நாகப்பட்டினம்*

ஒரு சிறு துண்டை வெட்டி எரித்து, இரண்டு மூன்று வருஷம் பயிர் செய்து, பிறகு பல ஆண்டு தரிசாக விட்டுக் காடு திரும்பி வரக் காத்திருப்பது ஒன்று. ஆயிரம் ஏக்கரை எரித்துப் புல் விதைத்து மாடு விடுவது வேறு. அமேசானில் அழிந்த காட்டில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகத்தான் ஆகியிருக்கிறது. அப்புறம், அமேசானில் அங்கங்கே கறுப்பு மண் திட்டுகள் இருக்கின்றன, அவை பழைய குடிகள் அடுப்புக்கரி, எலும்பு, மீன்முள், உடைந்த பானை என்று குப்பையைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கியவை. இன்றைக்கும் அதில் பயிர் செழிக்கிறது. நம் பாட்டிகள் சாம்பலையும் சாணத்தையும் குப்பைமேட்டில் சேர்த்து வயலுக்கு அடித்த வேலைதான்.

நம் காவிரிப் படுகையிலேயே ஓர் உதாரணம் உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் கோடைக்கு முன்னால் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்கள், தரகு பெங்கி என்று பெயர். தரையோடு மெல்ல ஓடி அணைந்துவிடுகிற தீ. காட்டுத்தீ குற்றம் என்று அதைத் தடை செய்தார்கள். உண்ணிச்செடி கட்டுக்கடங்காமல் மண்டி, புல் போய், வருகிற தீயும் பெருந்தீயாக வருகிறது என்று அந்தப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2011இல் அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது, புலிகள் காப்பகத்துக்குள் இப்படிக் கிடைத்தது இந்தியாவில் அதுதான் முதல் முறை. அங்கே மழை பெய்தால் ஓடுகிற சுவர்ணவதி காவிரியில் வந்து சேர்கிறது.

எல்லாம் தூரத்துக் கதை. நம் டெல்டாவில் காடு எது, அதைக் காக்கிற சமூகம் எது?
*அதிராம்பட்டினம்*

பக்கத்து ஊரை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்களே! முத்துப்பேட்டை.

போன மாசியில் போனேன். காலை ஆறரைக்குப் படகு ஏறினால் முதல் அரை மணி நேரம் ஆறு, இரண்டு கரையிலும் அலையாத்தி. படகுக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார், எனக்கு நரைத்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஓர் இடத்தில் படகைக் கிளைக்கு அடியில் செருகி நிறுத்திவிட்டு, "அந்த இலையோட அடிப்பக்கத்த நாக்குல வைங்க தம்பி" என்றார். வைத்தேன். உப்பு. கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் இலை வழியாகத் துப்பிவிடுகிற மரம். கீழே சேற்றில் பென்சில் பென்சிலாக மூச்சு வேர்கள், ஊசிகளை நட்டு வைத்தாற்போல.

அப்புறம் ஒரு வாய்க்காலைக் காட்டினார். ஆள் வெட்டிய வாய்க்கால், நேராகக் காட்டுக்குள் போகிறது. முத்துப்பேட்டை மீனவர்கள் தலைமுறையாக இப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். கடல் ஏற்றத்தில் தண்ணீரோடு மீன் உள்ளே வரும், வற்றத்தில் வாய்க்காலின் வாயில் வலை வைத்துப் பிடிப்பார்கள். மீனுக்கு வெட்டிய வாய்க்கால்தான், ஆனால் அதன் இரண்டு கரையிலும் மரம் தானாக வந்து நிற்கிறது. விஷயம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வருமானத்துக்காகக் கூறு போட்டு இந்தக் காட்டை மொட்டையடித்தார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது, ஏற்றத்தில் வந்த தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி ஆவியாகி, உப்புப் பொருக்கு ஏறி, விதை விழுந்தாலும் முளைக்காத பொட்டலாகிப் போனது. பிற்பாடு பலர், மீனவர்கள் விறகு வெட்டுவதால்தான் காடு அழிகிறது என்றே நம்பினார்கள். தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, பொட்டலில் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இரண்டு பக்கமும் மீன்முள் போலக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். கடல் தண்ணீர் வந்து போகத் தொடங்கியது, உப்பு கழுவியது, கரையில் நட்ட அலையாத்தி பிடித்துக்கொண்டது. மீனவர்களின் வாய்க்கால் எதைச் செய்ததோ அதைத்தான் இதுவும் செய்தது.

2018 நவம்பர் 16 கஜா இந்தக் காட்டின் மேல்தான் போனது. இலையெல்லாம் உதிர்ந்து, பல இடங்களில் மரம் நின்றபடியே செத்தது. "இது இல்லைன்னா ஊரு?" என்று மட்டும் கேட்டார் படகுக்காரர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை, எஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

இவர்களுக்கு இந்தக் காட்டில் உரிமை என்று எழுத்தில் எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி அல்லாத பாரம்பரிய வனவாசிகளுக்கும் இடம் இருக்கிறது, 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். இவர் தாத்தா வெட்டிய வாய்க்காலில் இவர் பேரன் வலை போடுகிறான். அந்த வாய்க்காலை எந்தத் தாலுகா ஆபீசில் சான்றாக ஏற்றுக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அமேசானில் வாவ்ரானிகள் நடந்து நடந்து தங்கள் வரைபடத்தைப் போட்டது போல, ஜாம்புவானோடையிலிருந்து கடல் முகம் வரைக்கும் எந்த வாய்க்கால் யாருடையது, எந்த வருஷம் வெட்டியது என்று யாராவது பெரியவர்களோடு படகில் போய்க் குறித்து வைக்கலாம். மன்னார்குடி மாணவிக்கும் அவள் தோழிகளுக்கும் கோடை விடுமுறை வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

முத்துப்பேட்டைக் காட்டுக்கு எப்படிப் போவது? குடும்பத்தோடு போகலாமா?
*நீடாமங்கலம்*

மன்னார்குடி போய் அங்கிருந்து முத்துப்பேட்டை பஸ். படகு ஜாம்புவானோடைப் பக்கம். வனத்துறை அனுமதி வேண்டும், அதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போய்வர அரை நாளுக்கு மேல் ஆகும், குடிதண்ணீரும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே கடை கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம். பாலிதீன் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். படகுக்காரர் இலையை நக்கச் சொன்னால் கூச்சப்படாதீர்கள்.